தாய்ப்பால் வங்கியும் சேரித் தாயும்

அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பிரிவு வாசலில் அண்மையில் நாம் காத்திருந்தோம். உள்ளே எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்ற தாய் வேறொரு கட்டடத்தில் படுத்திருந்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற கூலித் தொழிலாளி. நம் சேரிப் பெண். இரண்டு நாளாகியும் அவருக்குப் பால் இறங்கவில்லை. மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கியிலிருந்து செவிலியர் பால் கொண்டுவந்தார்.

"இது எந்தச் சாதிப் பொம்பளையோட பாலும்மா?" என்று கேட்டார் குழந்தையின் அப்பத்தா.

"அதெல்லாம் எழுதி வைக்கிறதில்ல பாட்டி. நம்பர் மட்டுந்தான் இருக்கும். சோதனை பண்ணுன பாலு, பயப்படாதீங்க" என்றார் செவிலியர்.

கேட்டவர் ஆதிக்கச் சாதிக்காரர் அல்லர். தேநீர்க் கடையில் பல காலம் தனிக்குவளையில் குடித்தவர். சற்று நேரத்தில் ஊர்த்தெருக் குடும்பம் ஒன்றும் அதே கேள்வியைக் கேட்டது. அதே பதிலைப் பெற்றது. இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே குளிர்பெட்டியிலிருந்துதான் பால் போனது. குவளையைப் பிரித்து வைத்த ஊரில், பாலைப் பிரிக்க முடியாத இடம் ஒன்று உருவாகியிருக்கிறது. இதை நாம் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப்போன நம் மக்கள் ஏராளமாக வாழும் தாராவிக்குப் பக்கத்து மருத்துவமனை அது. தமிழ்நாட்டில் 2015-இல் மதுரை, திருச்சி, கோவை, சேலம், தேனி உள்ளிட்ட ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் இந்த வங்கிகள் வந்தன. திருச்சியில் ஒரு தாய் இரண்டு ஆண்டுகளுக்குள் 300 லிட்டருக்கும் மேல் கொடுத்திருக்கிறார்.

தன் குழந்தைக்குப் போக மிஞ்சுவதைத்தான் ஒரு தாய் கொடுக்க வேண்டும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு அவரது ரத்தம் சோதிக்கப்படும். பல தாய்மாரின் பாலைச் சேர்த்து, 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, குளிர்வித்து, கிருமி இல்லை என்று உறுதி செய்த பிறகு உறைநிலையில் வைப்பார்கள். எடை குறைந்த குழந்தைக்குத் தாயின் பால் கிடைக்காதபோது அடுத்ததாகக் கொடுக்க வேண்டியது இந்தப் பால்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாவுப்பால் அதற்கும் பின்னால்தான் வருகிறது.

ஆனால், வங்கிப் பால் ஒரு பாலம் மட்டுமே. பெற்றவளின் பால் வந்து சேரும்வரை பிள்ளையைக் காப்பது அதன் வேலை. அந்தப் பெண்ணிடம் போனபோது நாம் கண்டது வேறு. "ஒனக்குப் பாலு இல்ல" என்று வந்தவர் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். "ஒடம்புல ரத்தமே இல்ல, பாலு எங்கேருந்து வரும்?" என்று அவரே சொல்லி அழுதார்.

இது உண்மையல்ல. மெலிந்த தாய்க்கும், ரத்தசோகை உள்ள தாய்க்கும் பெரும்பாலும் பால் சுரக்கும். குழந்தை சப்புவதும் மார்பு காலியாவதும்தான் சுரப்பைத் தூண்டுகின்றன. குழந்தை தனிப் பிரிவில் இருந்தால், பிறந்த சில மணி நேரத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்கி, இரவு உட்பட நாளுக்கு எட்டு முறையாவது பீய்ச்ச வேண்டும். முதலில் வரும் சில சொட்டுச் சீம்பால்கூட மருந்துதான். பாலாடையிலோ குழாய் வழியாகவோ கொடுக்கலாம். குழந்தையை வெற்று மார்போடு அணைத்துக்கொள்ளும் கங்காரு முறையும் பாலைக் கூட்டும். இதை அவருக்கு உட்கார்ந்து சொல்லித்தர யாரும் இல்லை. மறுநாள் ஒரு செவிலியர் சொல்லிக்கொடுத்தார். ஐந்தாம் நாள் பாலாடை நிரம்பியது. பால் இல்லாமல் இல்லை. சொல்லித்தர ஆள்தான் இல்லை.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றும் இதையே காட்டுகிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறுவது பத்தில் ஆறு குழந்தைகள்தான்.

சரி, பால் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனபின்? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துப் பெண்ணுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தரச் சட்டம் இருக்கிறது. வேலைக்குத் திரும்பியபின், குழந்தைக்கு 15 மாதமாகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளையும் அதில் உண்டு. வயலில் குனிந்து நிற்பவளுக்கு அந்தச் சட்டம் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் தவணைகளாக வருகிறது. நல்ல திட்டம்தான், ஆறு மாதக் கூலியை அது ஈடுகட்டாது. எனவே, நாற்பதாம் நாளிலோ அறுபதாம் நாளிலோ அவள் வேலைக்குப் போகிறாள். பிள்ளை பாட்டியிடம். பாட்டி கையில் மாவுப்பால் டின்.

மாவுப்பாலைக் கரைக்கச் சுத்தமான தண்ணீர் வேண்டும். நம் சேரியின் தண்ணீர் எப்படிப்பட்டது? 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே தெரிந்தது. டின் விலை கட்டாமல் அளவைக் குறைத்து நீர்க்கக் கரைப்பதும் நடக்கிறது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், "சரியா வளக்கத் தெரியல" என்று பழி அவள் தலையில்தான் விழுகிறது.

இன்னொன்றிலும் விழிப்பு வேண்டும். தாய்ப்பாலை விற்கக் கூடாது என்று 2024 மே மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. வணிகம் நுழைந்ததால்தான் அந்த எச்சரிக்கை. பாலுக்கு விலை வந்தால், விற்க வருகிறவள் வறியவளாகவே இருப்பாள். தன் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதையும் சேர்த்தே விற்பாள். உழைப்பையும் நிலத்தையும் இழந்த மக்கள் பாலையும் இழக்கக் கூடாது. தானம் தானமாகவே, அரசு மருத்துவமனையின் பொறுப்பிலேயே நடக்க வேண்டும்.

நாம் கேட்பவை சிலவே. தாய்ப்பால் வங்கி உள்ள ஒவ்வொரு மருத்துவமனையிலும் பால் பீய்ச்சச் சொல்லித்தர இரவும் பகலும் ஒரு செவிலியர் வேண்டும். வட்ட மருத்துவமனைகளில் சேகரிப்பு மையமாவது வேண்டும். விவசாயக் கூலிப் பெண்ணுக்கு ஆறு மாத ஊதிய ஈடு வேண்டும். வேலைத்தளத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டமே சொன்னது. அந்த ஏற்பாடு எங்கே போயிற்று என்று கிராமசபையில் நாம் கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற அக்காவிடம் "பால் இல்லை" என்று யாராவது சொன்னால், மறுத்துப் பேசுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் உடனே அழைத்துப் போங்கள். வங்கிப் பால் தேவைப்பட்டால், தயங்காமல் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். "யாரு பாலு?" என்ற கேள்வி நம் வீட்டில் எழுந்தாலும் அது சாதியின் கேள்விதான், அதை முதலில் நாமே நிறுத்த வேண்டும்.

அந்தக் குழந்தை இப்போது வீட்டில் இருக்கிறது. தாயிடம்தான் குடிக்கிறது. முதல் நாள்களில் அதைக் காத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அடுத்த நடவு தொடங்கும்போது அந்தத் தாய் எங்கே இருப்பார் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.