கழிவுநீர்க் காணியில் எழுந்த மனைகள்

பழைய காணியொன்றைத் திருத்தி அதிற் சில வீடுகளை அமைக்கலாம் என்னும் யோசனை நகரசபைக்கு வந்தால், "எத்தனை வீடு? என்ன விலை?" என்பனவே முதலில் எழும் வினாக்கள். அவ்வீடுகளிற் குடிபுகும் குடும்பங்கள் இருபது ஆண்டுகளின் பின் எப்படி வாழும் என்று வினவுவார் அரியர். இவ்வினாவுக்கு ஓரளவு விடை கூறும் சிறு குடியிருப்பொன்று இலண்டனின் தென்புறத்தில் இருக்கின்றது. 'பெட்ஸெட்' என்பது அதன் சுருக்கப்பெயர்.

சட்டன் நகரசபையின் எல்லைக்குள், பெடிங்டன் என்னுமிடத்தில், முன்னர் கழிவுநீர் நிலையத்தைச் சேர்ந்திருந்த நிலம் அது. அங்கே வீடு கட்ட முன்வந்தது பீபொடி அறநிதியம். இலண்டன் நகரத்து ஏழைகளின் குடியிருப்புக்கென அமெரிக்கச் செல்வர் ஜோர்ஜ் பீபொடி 1862ஆம் ஆண்டில் நிறுவியது இது. கட்டடக் கலைஞர் பில் டன்ஸ்டரும், 'பயோறீஜனல்' என்னும் அமைப்பும் அதனுடன் சேர்ந்துகொண்டனர். நகரசபையாரும் கூடிய விலை ஒன்றையே நோக்காது, சுற்றாடலுக்கு வரும் நன்மையையும் பெறுமதியாகக் கணித்துக் காணியைக் கொடுத்தனர். என் கருத்தில், இத்திட்டத்தின் அத்திவாரம் இடப்பட்டது அன்றேதான். 2002இல் ஏறக்குறைய 100 வீடுகள் நிறைவெய்தின. விலைக்கு வாங்கியோரும், பங்கு உரிமையுடையோரும், குறைந்த வாடகைக்கு இருப்போரும் அங்கே கலந்து குடியேறினர்.

வீடுகள் யாவும் தெற்கு நோக்கியவை. வெயிலுக்கு ஒதுங்க நிழல் தேடும் நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். குளிர்நாட்டாருக்கோ மாரிகாலத்துச் சூரியன் வாராது வந்த விருந்தாளி. ஆகவே தென்புறத்திற் கண்ணாடி அறைகளை வைத்து வெப்பத்தை உள்ளே வாங்கினர். சுவரினுள்ளே ஓரடிக் கனத்தில் வெப்பங்காக்கும் படையை இட்டு, வாங்கியதை வெளியே விடாது காத்தனர். கூரைமீது பலநிறக் குழாய்கள் நிற்கின்றன. காற்றடிக்கும் திசைக்கேற்பத் தாமே திரும்பி, விசிறியின் துணையின்றி வீட்டுக்குட் புதுக்காற்றை அனுப்புவதற்கென அமைந்தவை அவை. கட்டடப் பொருள்களில் எடையளவிற் பாதிக்கு மேல் 35 மைலுக்குட்பட்ட இடங்களிலிருந்தே பெறப்பட்டன. பிறைட்டன் புகையிரத நிலையத்தைத் திருத்தியபோது கழிக்கப்பட்ட உருக்கு இங்கே மீண்டும் பயன்பட்டது.

எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. மரச்சீவல்களை எரித்து மின்சாரமும் வெப்பமும் தருவதற்கென அமைத்த இயந்திரம் அடிக்கடி பழுதுற்றுச் சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. அதனிடத்தை எரிவாயுக் கொதிகலன் பெற்றது. செடிகொடிகளைக்கொண்டு கழிவுநீரைத் துப்புரவாக்கும் நிலையமும் செலவு மிகுதியால் நீடிக்கவில்லை. கோடையிற் சில வீடுகள் அளவுக்கு மீறிச் சூடேறின என்ற முறைப்பாடும் உண்டு.

ஆனால் இயந்திரம் நின்ற பின்னரும் தடித்த சுவர் சுவராகவே நின்றது. தெற்கு நோக்கிய சாளரம் வேறு திசைக்குத் திரும்பிவிடவில்லை. சூடேற்றும் செலவு அயலிலுள்ள வீடுகளைவிடக் குறைவாகவே இருந்து வந்தது. வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு மாதமுடிவில் மிஞ்சுவது இந்தச் சுவரின் புண்ணியத்தாலன்றி இயந்திரத்தால் அன்று. நம்மூரிற் புதுமனைத் திட்டங்களின் வரைபடங்களைப் பார்வையிடச் செல்லும் மாணவர்கள், மின்னும் கருவிகளை விட்டுவிட்டு, வெயில் எப்பக்கம் விழும், காற்று எவ்வழி வரும், பிள்ளைகள் எங்கே விளையாடுவர் என்பவற்றை முதலிற் பார்ப்பார்களாக.

இன்னுமொரு செய்தி. அங்கே வீட்டு வரிசைகளுக்கிடையே நடைபாதைகள் உள்ளன. மோட்டார் வண்டிகள் ஓரத்திலேயே நிறுத்தப்படுகின்றன. வாயிலைத் திறந்தால் எதிர்வீட்டாரின் முகத்திலே விழிக்க வேண்டியதுதான். குடியிருப்போரிடம் 2007இல் விசாரித்தபோது, ஒருவர் சராசரியாக இருபது அயலவரைப் பெயர்சொல்லி அழைக்கக்கூடியவராக இருந்தார்.