ஓடுதளமும் குடியிருப்பும்

நம் ஜில்லாவில் விமான நிலையம் இல்லை. சிவகாசி வியாபாரியாயினும், அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளையாயினும், விமானம் ஏற மதுரைக்கே செல்கின்றனர். 2012-இல் அங்கிருந்து கொழும்புக்கு விமானம் புறப்பட்டபோது நாமும் மகிழ்ந்தோம். 7,500 அடி நீளமுள்ள ஓடுதளத்தை 12,500 அடியாக நீட்டினால் பெரிய விமானங்கள் வந்திறங்கும் என்கின்றனர். அபிவிருத்தியை நாம் வெறுப்பவரல்லர்.

ஆயினும், விரிவாக்கத்திற்கு வேண்டிய நிலப்பரப்பில் சின்ன உடைப்பு என்னும் கிராமம் இருக்கிறது. மாற்று இடமும் வாழ வழியும் தந்த பின்பே வெளியேறுவோம் என்று 2024 நவம்பரில் அவ்வூரார் போராடினர். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்று, இடைக்காலத் தடையும் பிறந்தது. முன்னேற்றத்திற்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று இவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. ஊரைக் கலைப்பதற்கு முன் வேறோர் ஊரைத் தாருங்கள் என்றே அவர்கள் கேட்கின்றனர்.

நஷ்ட ஈடு பட்டாதாரரைத் தேடி வரும். பட்டா இல்லாதவர் கதி என்ன? சங்கக் கணக்குகளை ஆய்வு செய்யும்போது நான் பலமுறை கண்டதுண்டு: நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், உழுபவர் வேறொருவர். குழித்தறி வாடகை வீட்டில் இருக்கும். வீடு இடிந்தால் வீட்டுக்காரருக்கு விலை கிடைக்கும். தறிக்குழி தூர்ந்தவருக்கு யார் கணக்கு எழுதுவார்?

2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறது. நிலம் எடுக்கப்படுவதற்கு முந்தைய 3 ஆண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் ஆகியோரையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தாராக அது ஏற்கிறது. கைவினைஞர் குடும்பத்திற்குக் குறைந்தது 25,000 ரூபாய் தனி உதவியும் கூறுகிறது. ஆனால் உரிமை கேட்பவர் கையில் சான்று வேண்டுமே! வாய்மொழிக் குத்தகைக்கு எவர் சாட்சி?

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்று சின்ன உடைப்புக்கு வந்தது நாளை சாலைக்கென்றோ தொழிற்பேட்டைக்கென்றோ நம் ஊருக்கும் வரலாம். குத்தகைக்கு உழுபவர், 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி இப்போதே பெயரைப் பதிந்துகொள்க. நெசவாளர் சங்கங்கள் எவர் வீட்டில் எத்தனை தறி என்பதை ஆண்டுதோறும் தம் பதிவேட்டில் எழுதி வைக்க. ஆட்சேபணை எழுதும் நாளில் தனி மனிதர் கண்ணீரைக் காட்டிலும் சங்கத்தின் ஏடு உரக்கப் பேசும்.

சர்க்காருக்கும் ஒரு விண்ணப்பம்: குடியமர்த்திய பின்பே வெளியேற்றுக. ஓடுதளம் சில மாதம் தாமதித்தால் நஷ்டம் சிறிது. சிதறிய ஊர் மீண்டும் சேராது.