விரதம்னு மாத்திரையை நிறுத்தாதீங்க

தைப்பூச விரதம் நெருங்கினா யாராவது ஒருத்தர் கேட்டுடுறாங்க: "ஹெப்பாடைட்டிஸ் பி மாத்திரையை 48 நாளைக்கு விட்டுடலாமாண்ணே?"

கூடாது. சைவச் சாப்பாடும் மனக் கட்டுப்பாடும்தான் விரதம். என்டெகாவிர் மாத்திரையே வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு முன்னயும் பின்னயும் 2 மணி நேரம் தள்ளித்தான் போடணும். விரதக்காரருக்கு அது இன்னும் சுலபம்.

மாத்திரை கிருமியை அடக்கி வைக்குது, வேரோட பிடுங்கலை. திடீர்னு விட்டா கிருமி பொங்கி எழும். சிலருக்கு ஈரலே செயலிழந்துடும். ரெண்டு நாள் போட்டு மூணு நாள் விடுறதும் சரியில்ல. கிருமி பெருகும்போது நகல் எடுக்கிற மாதிரி பிழைகள் வரும். மருந்து அரைகுறையா இருந்தா, அதுக்கு மசியாத பிழைதான் தப்பிச்சுப் பெருகும்.

1998-ல வந்த லாமிவுடின், ஒழுங்கா போட்டவங்களுக்கே 5 வருஷத்துல 10-ல 7 பேர்கிட்ட பலிக்காமப் போச்சு. 2005-ல வந்த என்டெகாவிர்ல, புதுசா தொடங்குறவங்க 100 பேர்ல ஒருத்தருக்குத்தான் அந்தப் பிரச்சினை. ஆனா லாமிவுடின் பலிக்காமப் போனவங்க அதுக்கு மாறினா, பாதிப் பேருக்கு இதுவும் கைவிட்டுடும். அதனால முன்னாடி என்ன மருந்து போட்டீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, பழைய அட்டையைக் கொண்டு போங்க. டெனோஃபோவிர்ல எதிர்ப்பு அநேகமா இல்ல, ஆனா சிறுநீரகத்தையும் எலும்பையும் பார்த்துக்கணும்.

"கீழாநெல்லி போதும்"னு சொல்றவங்களுக்கும் ஒரு காரணம் இருக்கு. 1988-ல சென்னையில டாக்டர் தியாகராஜன் குழு, இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சு 1976-ல நோபல் வாங்கின பிளம்பெர்க்கோட சேர்ந்து, லான்செட் இதழ்ல எழுதினாங்க: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல கிருமியின் அடையாளம் மறைஞ்சது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனா அப்புறம் வேற இடங்கள்ல செஞ்ச சோதனைகள்ல அந்தப் பலன் கிடைக்கல. சாதாரண மஞ்சள் காமாலை தானாவே இறங்கிடும். பேரு கீழாநெல்லிக்குப் போயிடும். இது அந்தக் காமாலை இல்ல.

கிருமி அடங்கியிருந்தாலும் ஈரல் புற்றுநோய் வலியில்லாம வரலாம். ஆபத்து அதிகம் உள்ளவங்களுக்கு 6 மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேணும். மலையிறங்கி ஈப்போ போய் வந்தா ஒரு நாள் கூலி போச்சு, அதனாலதான் பலர் தள்ளிப்போடுறாங்க. திருவிழாவுக்கு ஓடுற கோயில் வேன் மாசத்துல ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கும் ஓடட்டுமேன்னு கமிட்டியைக் கேட்கிறேன். ஈரல் கெட்டவர் சாராயத்தைத் தொடவே கூடாதுன்னு தனியா சொல்லணுமா?

இன்னொண்ணு. இந்த நோய் இருக்கிறவர் அன்னதானத்துல பரிமாறினா ஒட்டாது, யாரையும் ஒதுக்காதீங்க. மொட்டை அடிக்கிற இடத்துலதான் கவனம் வேணும்: ஒரு தலைக்கு ஒரு புது பிளேடு. மலேசியாவுல குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 1989-லதான் தொடங்கினாங்க. அதுக்கு முன்ன பிறந்த அண்ணன்மார், அக்காமார் தானா ராத்தா பக்கம் போறப்ப ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துட்டு வாங்க.