நீரில் கண்டமா? நீரறிவில் பஞ்சமா?

"பிள்ளைக்குத் தண்ணியில கண்டம்!" இதைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்? இரண்டு நாள் முகாமிட்டுப் பாறைக் கரையில் தூண்டில் போடப் போகிறேன் என்றதும் என் பாட்டி சொன்னதும் அதுதான்.

பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. நம் முன்னோரில் பலர் கடலைக் கடந்து வந்தவர்கள். வந்தபின் ரப்பர்த் தோட்டத்துக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். கடல் என்றால் எப்போதாவது போர்ட்டிக்சன் போய்க் கால் நனைத்துத் திரும்பும் இடம், அவ்வளவுதான். இன்றோ வார இறுதியில் கூடாரத்தையும் தூண்டிலையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பயந்து வீட்டிலிருப்பவருக்கும் பயமே இன்றிப் பாறை நுனியில் நிற்பவருக்கும் உள்ள குறை ஒன்றே என்பது என் கருத்து. இருவருக்கும் கடலைத் தெரியாது.

பாறை இடுக்குகளில் களவா பதுங்கியிருக்கும். நீர் பெருகும்போது மீன்கள் இரை தேடிக் கரையை நெருங்கும். தூண்டிற்காரர்கள் காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். ஆனால், மீனைக் கொண்டுவரும் அதே பெருக்கு நாம் நடந்து வந்த வழியையும் மூடிவிடும். வற்றிய கடல் பெருகி முடிய ஏறக்குறைய ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் இன்னும் அதிகம். விரதத்துக்காக வீட்டில் புரட்டும் தமிழ் நாள்காட்டியே நமக்கு எச்சரிக்கை தருகிறது. கிழக்குக் கரையிலோ நவம்பர் முதல் மார்ச் வரை பருவக்காற்று. அப்போது பாறைப் பக்கமே போகக்கூடாது.

விலையுயர்ந்த தூண்டிலும் சுருளும் வாங்குகிறோம். உயிர்காப்பு அங்கி வாங்க மட்டும் கை வருவதில்லை. பாசி படிந்த பாறையில் ஜப்பான் சிலிப்பரோடு ஏறுகிறோம். 'தண்ணி' போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போவதை வீரம் என்கிறோம். ஒருவன் விழுந்தால் உடனே நாமும் குதிப்பது நட்பு அல்ல. கயிற்றையோ மிதக்கும் ஐஸ் பெட்டியையோ எறிந்து, 999-ஐ அழைப்பதே நட்பு.

"தமிழ்க் கழகத்துக்கும் தூண்டிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். நெய்தல் திணையைத் தேர்வுக்காக மனனம் செய்கிறோம். சந்தையில் கெராப்பு, சியாக்காப் என்கிறோம். களவா, கொடுவா என்ற சொற்கள் நம் நாவிலிருந்து நழுவிவிட்டன. பார்க்காத பொருளின் பெயர் எப்படி நிலைக்கும்? அந்த முகாமில் கொடுவாவைக் கையில் ஏந்திய பிறகுதான் அச்சொல் எனக்குச் சொந்தமானது.

ஆகவே, நம் கழகம் ஆண்டுக்கொரு கடற்கரை முகாம் நடத்தட்டும். முதல் நாள் நீச்சலும் நீர்மட்ட அட்டவணை படிப்பதும், மறுநாள் தூண்டில். பெண்களுக்கும் இடம் வேண்டும். கடல் ஆண்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தல்ல. சின்ன மீனைக் கடலுக்கே விடுவோம். அறுந்த நரம்பைப் பொறுக்கி எடுத்து வருவோம். அது ஆமையின் கழுத்தையும் இறுக்கும்.

கண்டம் ஜாதகத்தில் இருக்கிறதோ இல்லையோ, அறியாமையில் நிச்சயம் இருக்கிறது. அதற்குப் பரிகாரம் நம் கையிலேயே உள்ளது, தோழர்களே!