சீமைத் துப்பாக்கியும் பொய்விலையும்

பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றின் விலையை அதன்மேல் பொறிக்கப்பட்ட பெயரும் அதன் வயதுமே தீர்மானிக்கின்றன என்ற நம்பிக்கை, பசுவந்தனை, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் என விரிந்துகிடக்கும் கரிசல் வட்டாரத்தில் மட்டுமன்றித் தமிழகம் முழுவதும் கேள்விக்கு உட்படாமல் வேரூன்றியிருக்கிறது. குழலின் மேல் லண்டன் என்றோ பர்மிங்காம் என்றோ எழுத்துத் தெரிந்தால் அது 'சீமைத் துப்பாக்கி'. தாத்தா காலத்தது என்றால் விலை இன்னும் ஏறும். ஜமீன் வீட்டுச் சரக்கு என்று சொல்லிவிட்டால் பேரத்துக்கே இடமில்லை. விற்பவரும் வாங்குபவரும் ஒருசேர ஒப்புக்கொண்டுவிட்ட இந்தக் கணக்கு அடிப்படையிலேயே பிழையானது. பழைய ரைபிளின் நியாயமான விலை, மேலோட்டமான பார்வைக்குப் படாத குழலின் உட்சுவரிலும், அதற்குப் பொருந்தும் தோட்டா இன்று கடையில் கிடைக்கிறதா என்பதிலும், அதைச் சட்டப்படி வாங்கத் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர் என்பதிலும் அடங்கியிருக்கிறது.

இந்த நம்பிக்கை பிறந்த விதத்தை இந்த மண்ணின் வரலாற்றிலேயே காணலாம். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு, 1801இல் ஊமைத்துரையின் எழுச்சியும் ஒடுக்கப்பட்டு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்ட பின், அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாண்டிச் சீமையின் பாளையங்களை ஆயுதமற்றவையாக்கியது. பின்னர் வந்த 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இன்றி இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. ஊரே ஆயுதம் இழந்து நின்ற நிலையில், ஜமீன்தாருக்கோ பெரிய மிராசுதாருக்கோ அனுமதிக்கப்பட்ட ஒற்றைத் துப்பாக்கி, பயிர்க்காவலுக்கும் வேட்டைக்கும் உதவும் கருவி என்பதைத் தாண்டி, ஆட்சியாளரிடம் அந்த வீட்டுக்கு இருந்த செல்வாக்கின் சான்றாகிவிட்டது. அந்தச் செல்வாக்கு மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் அதன் நினைவு மட்டும் இன்றும் துப்பாக்கியின் விலையில் சேர்த்துக் கேட்கப்படுகிறது.

நாளிதழ்களில் வரும் ஏலச் செய்திகள் இந்த எண்ணத்துக்கு மேலும் உரமிடுகின்றன. 2015 ஏப்ரலில் லண்டனின் பான்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் திப்பு சுல்தானின் ஆயுதங்கள் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயின என்ற செய்தியைப் படித்தவருக்கு, வீட்டுப் பரணில் கிடக்கும் பழந்துப்பாக்கியும் பெருந்தொகை தரும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த ஏலத்தில் விலைபோனது வரலாற்றில் இடம்பெற்ற ஒரு மன்னரின் உடைமை. பட்டறையின் விற்பனைப் புத்தகத்தில் சாதாரண வாடிக்கையாளர் ஒருவருக்காகப் பதிவான வேட்டைத் துப்பாக்கிக்கு அதனோடு எந்த ஒப்பும் இல்லை. மேலும், 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய இத்தகைய பொருளை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டம் தொல்பொருளாகக் கருதுகிறது. அதை நாட்டுக்கு வெளியே அனுப்பும் அதிகாரம் மத்திய அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புகளுக்கும் மட்டுமே உண்டு. லண்டன் ஏலத்துக்குப் போகவே முடியாத ஒரு பொருளுக்கு லண்டன் ஏலவிலையை மேற்கோள் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். பல நேரங்களில் விற்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதும் ஆகும்.

விலையை உண்மையில் தீர்மானிக்கும் இடம் குழலின் உட்புறமே. ரைபிள் என்பது குழலின் உட்சுவரில் திருகுபோல் ஓடும் வரிப்பள்ளங்களைக் கொண்ட துப்பாக்கி. தோட்டாவிலிருந்து கிளம்பும் ரவையைச் சுழலவைத்து நேராகச் செலுத்துவது அந்தப் பள்ளங்களின் வேலை. சன்னங்களை இறைக்கும் வழுவழுப்பான குழலுடைய இரட்டைக் குழல் துப்பாக்கியில் இவை இல்லை. போல்ட் எனப்படும் பின்பக்கத் தாழ்த்தண்டைக் கழற்றிவிட்டு, குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், நன்றாகப் பேணப்பட்ட ரைபிளில் பள்ளங்களின் விளிம்புகள் கூர்மையாக, தோட்டா அறையிலிருந்து வாய்வரை தொடர்ச்சியாகத் தெரியும். தேய்ந்த குழலில் தோட்டா அறைக்கு முன்னால் உள்ள பகுதி மழுங்கிச் சாம்பல் நிறமாக இருக்கும். துருப்பிடித்துத் துடைக்கப்பட்ட குழலில் எண்ணெயின் பளபளப்புக்கு அடியில் அம்மைத் தழும்புகளைப் போல அரிப்புக் குழிகள் கிடக்கும்.

இந்த அரிப்பின் வேதியியல் தீப்பெட்டித் தொழிலில் ஊறிய கோவில்பட்டிக்காரர்களுக்கு அந்நியமானதன்று. தீக்குச்சியின் தலைமருந்தில் சேரும் பொட்டாசியம் குளோரேட்டே, பழைய வகைத் தோட்டாக்களின் அடியில் உள்ள கேப்பிலும், அதாவது விசையை இழுத்ததும் அடிபட்டுத் தீமூட்டும் சிறு கிண்ணத்திலும், சேர்க்கப்பட்டிருந்தது. அது எரிந்தபின் குழலில் படியும் பொட்டாசியம் குளோரைடு உப்பு வகையைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து எஃகை அரிப்பது. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும் என்பதால், சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் குழலைக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் இட வேண்டும். இதை அறியாமல் எண்ணெயை மட்டும் தடவிவைத்த துப்பாக்கி, வெளியே கட்டையும் பித்தளையும் மின்ன, உள்ளே ஆண்டுக்கணக்கில் அரிபட்டுக்கொண்டிருக்கும். தேர்தல் நேரங்களில் காவல் நிலையத்திலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கப்பட்டு மாதக்கணக்கில் துடைப்பாரின்றிக் கிடக்கும் காலமும், கடற்காற்று எட்டும் தூத்துக்குடி மாவட்டத்தின் ஈரமும் இந்தச் சேதத்தை வளர்க்கின்றன. அரிபட்ட குழலை மாற்றலாமே என்று கருதுவோர், துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அதற்கென உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யத்தக்க வேலைகள் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. குழல் போன ரைபிளில் எஞ்சுவது பெயரும் கட்டையும் மட்டுமே.

வயது ஏறினால் மதிப்பு ஏறும் என்ற கூற்றை டமாஸ்கஸ் குழல்கள் முற்றாகப் பொய்ப்பிக்கின்றன. இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டின்மேல் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டிய இக்குழல்களின் மேற்பரப்பில் அலையலையான வரிகள் படர்ந்திருக்கும். பார்ப்பவரை மயக்கும் அழகு இவற்றுக்கு உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை கரிமருந்தின் மிதமான அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை இட்டுச் சுட்டால் ஒட்டுவாய் பிளந்து, குழலைத் தாங்கிய இடக்கையைச் சிதைக்கக்கூடும். எனவேதான் இங்கிலாந்தில் லண்டனிலும், 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச்சாலையிலும், வழக்கத்தைவிட மிகுதியான மருந்திட்டு வெடித்துப் பார்த்தபின் குழலின் அடிப்பக்கத்தில் முத்திரை குத்தும் முறை இருந்துவருகிறது. மேலே பொன்னிழையில் உள்ள பட்டறைப் பெயரைப் படிக்கத் துடிப்பவர்கள், கீழே உள்ள இந்தச் சிறு முத்திரைகளைத் திருப்பிப் பார்ப்பதில்லை. புகையில்லா மருந்துக்கான நைட்ரோ முத்திரை அங்கே இல்லையென்றால் அந்தத் துப்பாக்கி அலங்காரப் பொருள். அலங்காரப் பொருளுக்குரிய விலையே அதற்கு நியாயம். அந்த முத்திரை இருந்தாலும் மற்றோர் ஆபத்து உண்டு. பழைய ஆங்கிலேய இரட்டைக் குழல் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. தோட்டாவுக்கானது. 70 மி.மீ. தோட்டா என்பதில் அந்த அளவு வெடித்து விரிந்தபின் உள்ள நீளம் என்பதால், வெடிக்காத தோட்டா குட்டையான அறையிலும் எளிதாக நுழைந்துவிடும். வெடிக்கும்போதுதான் அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் எல்லை மீறும்.

மாட்டுத்தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்தபின்பே துண்டுக்குள் விரல்பிடித்து விலைபேசும் சம்சாரி, அதைவிட ஆபத்தான பொருளை அடிக்கப்பட்டிருக்கும் பெயரைப் படித்து மட்டும் வாங்குவது வேதனைக்குரியது. ரைபிளில் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட இடைவெளி மயிரிழை அளவானது. தேய்மானத்தால் அது கூடினாலும், வேறொரு துப்பாக்கியின் போல்ட்டை மாற்றிப் பொருத்தியிருந்தாலும், தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடும். ஆகவே குழலிலும் போல்ட்டிலும் பொறித்த எண்கள் ஒன்றுக்கொன்றும், லைசென்ஸ் புத்தகத்தோடும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது பாதுகாப்புக்கும் சட்டத்துக்கும் பொதுவான சோதனை. அடையாள எண் சுரண்டப்பட்ட துப்பாக்கியை விற்பதை ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடைசெய்கிறது. அத்தகைய துப்பாக்கிக்கு விலையே கிடையாது.

தோட்டாவின் நிலைமையும் பெயர்மோகத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. குழலின் உள்விட்டத்தை அங்குலக் கணக்கில் சொல்வது வழக்கம்; .303 அங்குலம் இராணுவ ரைபிளின் அளவு என்பதால் சாதாரணக் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது. .315 அளவில் மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை வேட்டை ரைபிளைச் செய்துவருகிறது. அதற்கான தோட்டா புனே அருகே உள்ள கட்கித் தொழிற்சாலையில் உருவாகிறது. ஆங்கிலேயப் பட்டறைகளோ, .450 அளவைக் காலனி அரசு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் தடைசெய்ததைத் தொடர்ந்து, .465, .470 எனப் புதுப்புது அளவுகளில் பெருவேட்டை ரைபிள்களைச் செய்து தள்ளின. அவை கைத்திறனின் உச்சம் என்பதில் ஐயமில்லை. ஆனால் யானையையும் காட்டெருமையையும் வீழ்த்துவதற்கென்று செய்யப்பட்ட அந்த ரைபிள்களுக்கு உள்நாட்டில் தோட்டா கிடைப்பது அரிது. தோட்டா இல்லாத ரைபிளை இரும்புத் தடி என்றே மதிப்பிட வேண்டும். பார்வைக்கு எளிமையான இச்சாப்பூர் .315, குழல் நன்றாக இருக்கும்வரை, பயன்பாட்டு மதிப்பில் அதைவிட மேலானது.

1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், உள்ளே இருக்கும் சீமைத் துப்பாக்கிகள் அரிய பொருள்களாகிவிட்டன, அருமைக்கு விலை உண்டு என்பது மறுதரப்பின் வலுவான வாதம். அதில் ஒருபாதி உண்மை. அருமை விலையை உயர்த்த வேண்டுமானால் வாங்குபவர்களும் இருக்க வேண்டும். இங்கே வாங்குபவர்களின் எண்ணிக்கையைச் சட்டம் சுருக்கிவைத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் விலைகேட்கவே முடியாது. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3இலிருந்து 2 ஆகக் குறைத்து, மிகுதியை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது. வழிவழியாக வரும் துப்பாக்கிக்கும் அந்த வரம்பு பொருந்தும். அதாவது விற்க வேண்டியவர்கள் பெருகினார்கள், வாங்கக்கூடியவர்கள் குறைந்தார்கள். இந்த நிலையிலும் பழைய பெயரைச் சொல்லி விலையை ஏற்றுபவர் சந்தையைப் பார்க்க மறுக்கிறார்.

மக்காச்சோளத்தையும் பயறையும் காட்டுப்பன்றி அழிப்பதைக் கண்டு மனம் நொந்து, கடன்பட்டாவது ஒரு ரைபிள் வாங்கிவிடலாம் என்று நினைக்கும் மானாவாரி விவசாயிக்குத்தான் இந்தப் பொய்விலை கொடிய தீங்கு செய்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு குறிப்பிடுவது, வாய்வழியாக மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கியைத்தானே தவிர ரைபிளை அன்று. அந்தத் துப்பாக்கியால்கூட, அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைச் சுட 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்கு இடம்தரவில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் நுழையும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு பயிற்சி பெற்ற வனத்துறையினருக்கே தரப்பட்டிருக்கிறது. சுடவே அனுமதியில்லாத நோக்கத்துக்காக அவர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் மிகைவிலை.

மறுபுறம், வீட்டுப் பெரியவர் இறந்தபின் அவரது துப்பாக்கியைச் சட்டப்படி கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்த குடும்பங்கள், 'சீமைச் சரக்கு' என்ற சொல்லை நம்பி நல்ல விலைக்காகக் காத்திருக்கும் காலமெல்லாம் குழல் அரிபட்டுக்கொண்டே போகிறது. இந்தக் குடும்பங்கள் செய்யத்தக்கது எளிது: விற்கும் எண்ணத்தைக் காவல் நிலையத்துக்கோ ஆட்சியருக்கோ எழுத்தில் தெரிவித்து, சட்டம் விதிக்கும் 45 நாள் கழித்து, குழலின் இன்றைய நிலைக்குரிய விலைக்கு லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுத்துவிட வேண்டும். மாவட்ட நிர்வாகம் செய்யத்தக்க ஒன்றும் உண்டு. தேர்தலுக்காகவோ மரணத்துக்குப் பின்போ துப்பாக்கியைப் பெற்றுக்கொள்ளும்போது தரப்படும் ரசீதில், பட்டறைப் பெயரோடும் எண்ணோடும் குழலின் உள்நிலையையும், ஆயுதப்படையின் ஆயுதப் பராமரிப்பாளர் பார்த்து எழுதிய ஒரு வரியாகச் சேர்க்க தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் ஆணையிட வேண்டும்.