பிள்ளைகளின் கணக்கில் எழுதாதீர்கள்

ஞாயிறு திருப்பலிக்குப் பின் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவரவர் தந்தையின் தொழில் என்னவென்று கேட்டேன். ஒருவன் கொத்தனார் என்றான். இன்னொருத்தி, அப்பா கடலுக்குப் போகிறார் என்றாள். மூன்றாம் வரிசையில் இருந்த சிறுமி எழுந்து, "எங்க அப்பா எனக்காக வெளிநாட்டுல இருக்காங்க" என்றாள். "அங்கே என்ன வேலை செய்யறாங்க?" என்று மீண்டும் கேட்டேன். அது அவளுக்குத் தெரியவில்லை. தந்தை யாருக்காகப் போனார் என்பது மட்டும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

வீடு திரும்பிய பின்னும் அந்த விடை என்னை விட்டபாடில்லை. ஒன்பது வயதுக் குழந்தை, தன் தந்தையின் பிரிவுக்குத் தானே காரணம் என்று நம்புகிறாள். இந்தச் சுமையை அவள் தோளில் ஏற்றியவர் யார்? நாம்தாம்.

'பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகத்தான் போகிறோம்' என்னும் வாக்கியம் நம் வீடுகளில் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. கடன் வாங்கும்போதும், நிலத்தை விற்கும்போதும், முதிய பெற்றோரைத் தனியே விட்டுச் செல்லும்போதும் இந்த ஒரு வாக்கியமே எல்லாவற்றுக்கும் நியாயம் கற்பித்துவிடுகிறது. இதைச் சொன்ன பிறகு எவரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கேட்டால், அவர் பிள்ளைகளின் வாழ்வுக்கே பகைவர் ஆகிவிடுகிறார். அந்தப் பகைவர் பட்டத்தை ஏற்றுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். அயல்நாடு செல்வது தவறென்பது என் வாதமன்று. என் மகனும் மனைவி மக்களோடு கடல் கடந்து வாழ்கிறவன்தான். அவன் புறப்படுவதற்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கையெழுத்திட்டவன் நான். 'பேரப்பிள்ளைகளுக்காகத்தானே' என்று சொல்லிக்கொண்டேதான் கையெழுத்திட்டேன். ஆகவே இது பிறர்மீது மட்டும் எறியும் கல் அன்று. என் முற்றத்திலும் விழும். என் வாதம் இதுதான்: பெற்றோர் தம் தேவையாலும் விருப்பத்தாலும் எடுக்கும் முடிவைப் பிள்ளைகளின் கணக்கில் எழுதுகிறோம். அப்படி எழுதுவதால் முடிவும் சரிவர ஆராயப்படுவதில்லை. பிள்ளையும் தான் கேளாத கடனுக்குக் கடனாளி ஆகிறது.

போயே தீரவேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. 1983 ஜூலைக்குப் பின் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இலங்கையைவிட்டு ஓடிய தமிழரிடம், 'ஏன் போனீர்கள்?' என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. படகையும் வலையையும் வட்டிக்காரனிடம் இழந்து, வளைகுடாக் கடலில் கூலிக்கு மீன்பிடிக்கச் செல்லும் மீனவரிடமும் அப்படிக் கேட்க முடியாது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலினத்தாருக்குரிய உரிமை மறுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவர் ஒருவர், சாதி கேட்காத ஊரில் என் மகன் வளரட்டும் என்று புறப்பட்டால், அவரைத் தடுக்கும் தகுதி எனக்கில்லை. அவரைப் புறப்பட வைத்த நம் ஊரும், சில இடங்களில் நம் கல்லறைத் தோட்டமும்கூட, வெட்கப்பட வேண்டும்.

என் கேள்வி வேறு குடும்பங்களை நோக்கியது. இங்கே வேலை உண்டு, வீடு உண்டு, உழைக்க உடலும் உண்டு. ஆயினும் பக்கத்து வீட்டார் போய்விட்டார்கள் என்னும் பதற்றத்தில் புறப்படுகிற குடும்பங்கள் அவை. அவர்கள் மூன்று கேள்விகளுக்கு நேர்மையாக விடை தேடட்டும்.

முதற்கேள்வி: போகும் நாட்டில் பிள்ளைக்கு என்ன உரிமை இருக்கும்?

நாம் 'வெளிநாடு' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஒரே நாடன்று. கனடாவுக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு செல்லும் குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளியும் மருத்துவமும் உண்டு. உரிய காலம் வாழ்ந்த பின் குடியுரிமையும் கேட்கலாம். வளைகுடா நாடுகளிலோ, அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் அந்த மண் சொந்தமாவதில்லை. தந்தையின் வேலை முடிந்தால் பிள்ளையின் ஊரும் முடிந்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒரு நகரத்தைத் தன் ஊரென்று எண்ணியவன், கல்லூரிக்கென்று நம் மாநிலத்துக்கு வரும்போது இங்கும் விருந்தாளியாகவே நிற்கிறான்.

பலரும் கனவு காணும் அமெரிக்காவையே பாருங்கள். எச்-1பி விசாவில் இருக்கும் பெற்றோருடன் செல்லும் பிள்ளை, 21 வயது நிறைந்ததும் அந்தச் சார்பு உரிமையை இழக்கிறது. வேலைவழி நிரந்தரக் குடியிருப்பு அட்டைகளில் ஆண்டுக்கு ஒரு நாட்டாருக்கு 7 விழுக்காடு என்னும் வரம்பு இருப்பதால், இந்தியரின் வரிசை பல்லாண்டுகள் நீள்கிறது. ஐந்து வயதில் போன குழந்தை, வரிசையின் முனையை எட்டுமுன்பே 21 வயதைத் தாண்டிவிடக்கூடும். அப்போது அப்பிள்ளை வேறு விசா தேடவேண்டும். கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். 'பிள்ளைக்காக' என்று புறப்பட்டவர்களுள் எத்தனை பேர் இந்த விதியைப் புறப்படுமுன் படித்தார்கள்? சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்த அளவுக்குப் பிள்ளையின் வயதைக் கூட்டிப் பார்த்தோமா?

உரிமையோடு கடமையும் வரும். சிங்கப்பூரில் பெற்றோரின் வழியாக நிரந்தரவாசியாகும் மகன், அந்நாட்டின் இரண்டாண்டு தேசிய சேவைக்குக் கட்டுப்பட்டவன். அது தீமையன்று, ஒரு நாட்டின் நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் அதைச் செய்யப்போகிறவன் மகன். விண்ணப்பத்தில் கையெழுத்திடுகிறவர் தந்தை.

இரண்டாம் கேள்வி: பிள்ளையின் அருகில் யார் இருப்பார்?

பிரிட்டன் அரசு 2024 மார்ச் 11 முதல், பராமரிப்புப் பணிக்குப் புதிதாக வருவோர் தம் குடும்பத்தை உடன் அழைத்துவரக் கூடாது என்று விதித்தது. 2025 ஜூலையில் அப்பணிக்கு வெளிநாடுகளிலிருந்து புதிதாக ஆளெடுப்பதையே நிறுத்திவிட்டது. சவூதி அரேபியா 2017 ஜூலையில், உடன் வாழும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் என்று வரி விதித்து, ஆண்டுதோறும் 100 ரியால் கூட்டி 2020-இல் 400 ரியால் ஆக்கியது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடையவர் மாதம் 1,600 ரியால் கட்டவேண்டும். அப்போது குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியே தங்கியோர் பலர். பிள்ளைகளோடு வாழவே போனோம் என்றவர்கள், பிள்ளைகள் இல்லாமல் அங்கே வாழ்ந்தார்கள். வேற்று நாட்டு அரசு ஒன்று ஒரு காகிதத்தில் எழுதும் விதி, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யார் அமரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

குடும்பமாகச் சென்றோர் நிலையும் எப்போதும் மேலானதன்று. தாய் இரவுப்பணி, தந்தை பகற்பணி. இருவரும் சந்திப்பது படிக்கட்டில். இங்கே பாட்டியும் சித்தியும் அண்டை வீட்டாரும் கூலியின்றிச் செய்த வேலைக்கு அங்கே மணிக்கணக்கில் பணம் தரவேண்டும். பிள்ளைக்குத் தனியறை கிடைத்திருக்கலாம். அறைக்கதவைத் தட்டும் மனிதர் குறைந்துவிட்டார்கள்.

மூன்றாம் கேள்வி: பிள்ளை எதை இழக்கும்?

தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள நாடு சிங்கப்பூர். அங்கே பள்ளியில் தமிழ் உண்டு; வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தமிழ் உண்டு. அப்படியிருந்தும், அங்கு வாழும் இந்தியருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 37 பேர் அளவில் இருந்து, 2020-இல் 28 அளவுக்குக் குறைந்தனர். அரசே தாங்கிப் பிடிக்கும் இடத்தில் இந்நிலை என்றால், வாரத்துக்கு ஒருநாள் வாடகை மண்டபத்தில் தமிழ்வகுப்பு நடக்கும் ஊர்களைப் பற்றி என்ன சொல்வது? மொழி போனால் பழம்பெருமை போய்விடுமே என்பதன்று என் கவலை. நோயில் கிடக்கும் பாட்டியின் கட்டிலருகே நின்று பேத்தி என்ன பேசுவாள் என்பதே என் கவலை.

சட்டமும் ஒரு கதவை மூடுகிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை ஏற்போரை இந்தியக் குடிமக்களாக ஏற்பதில்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை என்று பெயர் பெற்றிருப்பது உண்மையில் குடியுரிமையன்று. அதை வைத்திருப்பவர் இங்கே வாக்களிக்க முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்ததாக மைய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. துறந்தவர்கள் தெரிந்தே துறந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கோ, துறப்பதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டுவிட்டது.

'இங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்பீர்கள். தேர்வு வினாத்தாள் கசிகிறது, வேலைக்கு லஞ்சம் கேட்கிறார்கள், பட்டம் பெற்றவன் உணவுப் பொட்டலம் சுமக்கிறான் என்பீர்கள். யாவும் உண்மை. ஆனால் இன்னோர் உண்மையும் உண்டு. 2021-22 கணக்கின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. இது தானாக வந்ததன்று. 1844-இல் தொடங்கிய திருச்சி புனித வளனார் கல்லூரியும், 1923-இல் தொடங்கிய பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியும், ஊர்தோறும் எழுந்த நம் பள்ளிகளும் அதில் தம் பங்கைச் செய்தன. இந்த மண்ணின் பிள்ளை இந்த மண்ணில் நிமிர்ந்து நிற்கட்டும் என்று கட்டப்பட்டவை அவை. இன்று அவற்றை நாம் விமான நிலையத்தின் காத்திருப்பு அறைகளைப்போல் நடத்துகிறோம். போகிறவன் எதிர்காலத்தைப் பற்றிக் கூட்டம் போடுகிறோம். தங்குகிறவன் எதிர்காலத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

இதில் பங்குச் சமூகத்துக்கும் பொறுப்புண்டு. பத்து நாள் திருவிழாவில் எந்த நாள் உபயம் எந்த நாட்டில் வாழும் இறைமக்களுடையது என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் அச்சிடுகிறோம். ஆண்டு முழுவதும் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்மணியின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இதைப் பார்த்து வளரும் இளைஞன், மதிப்பு என்பது வெளியிலிருந்துதான் வரும் என்று கற்றுக்கொள்வதில் வியப்பென்ன?

திருக்குடும்பம் எகிப்துக்குச் செல்லும் படத்தைப் புலம்பெயர்வோரின் அடையாளமாக வைத்திருக்கிறோம். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-ஆம் ஆண்டின் ஆவணத்தில் அக்குடும்பத்தையே புலம்பெயர்ந்தோர் அனைவருக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். ஆனால் அப்படத்தில் பாதிக்கதையையே நாம் பார்க்கிறோம். சூசையப்பர் புறப்பட்டது குழந்தையின் உயிருக்கு ஆபத்து வந்ததால். அந்த ஆபத்து நீங்கியதும் அவர் திரும்பினார். நாசரேத்தில் தச்சுத்தொழில் செய்தார். எகிப்தில் தொழில் நன்றாக நடக்கிறதே என்று அவர் தங்கிவிடவில்லை. மறுபுறம், பஞ்சத்துக்கு அஞ்சிப் பெத்லகேமைவிட்டு மோவாபுக்குச் சென்ற எலிமலேக்கின் குடும்பத்தையும் விவிலியம் நமக்குக் காட்டுகிறது. கணவனையும் இரு மகன்களையும் அங்கே புதைத்துவிட்டு நகோமி வெறுங்கையோடு திரும்பினாள். அந்த வெறுங்கையைப் பற்றிக்கொண்டு வந்த ரூத்தோ மோவாபுப் பெண். போவதும் திரும்புவதும் கடவுளின் பார்வையில் ஒற்றை விடை உடையவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

திருத்தந்தை பிரான்சிஸ் 2023-ஆம் ஆண்டின் புலம்பெயர்ந்தோர் நாளுக்குத் தேர்ந்த கருப்பொருள், புலம்பெயர்வதா தங்குவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பற்றியது. போகும் உரிமையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கும் உரிமையை நாம் மறந்துவிட்டோம். நல்ல அரசுப் பள்ளி, லஞ்சமில்லா வேலை, சாதி பாராத தெரு ஆகியவற்றை இங்கே கேட்டுப் போராடாமல், அவை கிடைக்கும் ஊருக்குத் தன் பிள்ளையை மட்டும் கொண்டுபோகிறவர், போக முடியாத பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்ற ஆண்டு என் பேரன் தொலைபேசியில் பேசினான். பதினைந்து வயது. தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டதாம். 'உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படுகிறோம்' என்று வீட்டில் சொன்னார்களாம். "தாத்தா, நான் கேட்டேனா?" என்றான். நான் விடை சொல்லவில்லை. வங்கியில் கையெழுத்திட்ட நாளில் அவனுக்கு நான்கு வயது. அவனை நாங்கள் எவரும் கேட்கவில்லை. நான்கு வயதுக் குழந்தையைக் கேட்டு முடிவெடுக்க இயலாது என்பது உண்மைதான். அப்படியானால் அந்த முடிவு எங்களுடையது என்று சொல்லும் துணிவாவது எங்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

அன்பு வாசகர்களே, போக நினைப்போர் போகட்டும். ஆனால் புறப்படுமுன் கணவனும் மனைவியும் விளக்கைப் போட்டு அமர்ந்து, எந்த விசா, எத்தனை ஆண்டு, அப்போது பிள்ளைக்கு என்ன வயது, யார் வீட்டில் இருப்பார், முதிய பெற்றோரை யார் பார்ப்பார் என்று தாளில் எழுதிப் பார்க்கட்டும். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதையும் உடன் அமர்த்திக் கேட்கட்டும். எழுதிப் பார்த்த பின்னும் போகலாம் என்று தோன்றினால், 'நல்ல சம்பளத்துக்காகப் போகிறோம், இந்த வாழ்வு எங்களுக்குப் பிடித்திருக்கிறது, உன்னையும் அழைத்துச் செல்கிறோம்' என்று சொல்லட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படிச் சொல்லக் கேட்ட பிள்ளை, நாளை தோற்றாலும் கடனாளியாகத் தோற்காது.

அந்தச் சிறுமியின் தந்தை வரும் திருவிழாவுக்கு விடுப்பில் வருகிறாராம். மகளை அருகில் அமர்த்தி, தாம் அங்கே என்ன வேலை செய்கிறார் என்பதை அவர் சொல்லித்தர வேண்டும். அடுத்த முறை நான் கேட்கும்போது அவள் அந்த வேலையின் பெயரைச் சொல்லட்டும்.