நாலு சென்டிமீட்டர் கௌரவம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில்தான் என் அக்கா வீடு. போன மாதம் போயிருந்தபோது, முற்றத்தில் அக்கா மகனின் சின்ன கார் முன்பக்கம் தூக்கியபடி ஜாக்கியில் நின்றது. பக்கத்தில் சாக்கு விரித்து, அதன்மேல் நாலு சிவப்பு ஸ்பிரிங்.

"பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிட்டு இதை மாட்டினா கார் நாலு சென்டிமீட்டர் இறங்கும், மாமா. அப்புறம் பாருங்க அதன் அழகை!"

"மெக்கானிக் எங்கேடா?"

"நான்தான்! வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன்."

அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கார் தாழ்ந்தால் அதன் புவியீர்ப்பு மையமும் தாழும். வளைவில் உடல் சாய்வது குறையும். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தயக் கார்கள் தரையை ஒட்டிப் பறப்பது இதனால்தான். ஆனால் அங்கே பள்ளம் இல்லை, மாடு இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் இல்லை.

முதல் அபாயம் முற்றத்திலேயே இருந்தது. முன்சக்கர ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரைச் சுற்றி அழுத்தப்பட்ட நிலையில்தான் உட்கார்ந்திருக்கும். அதை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, திருகுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கிச் சுருக்கிய பிறகே உச்சி நட்டைக் கழற்ற வேண்டும். 15 சென்டிமீட்டர் சுருங்கிய ஸ்பிரிங்கில் அடைபட்டிருக்கும் சக்தி, ஒரு மூட்டை சிமெண்ட் இடுப்புக்குக் கொஞ்சம் கீழிருந்து காலில் விழுவதற்குச் சமம். கொக்கி வழுக்கினால் அத்தனையும் கண் மூடித் திறப்பதற்குள் முகத்தை நோக்கி வரும். போதாக்குறைக்கு, காரைத் தாங்கி நின்றது வெறும் ஜாக்கி. டயர் மாற்றத்தான் ஜாக்கி. அடியில் கைவிட்டு வேலை செய்ய இரும்பு ஸ்டாண்டு வேண்டும்.

அவனாவது சரியான ஸ்பிரிங் வாங்கியிருந்தான். பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்து எறிபவர்களும், கேஸ் வெல்டிங்கில் சூடாக்கிக் குறுக்குபவர்களும் உண்டு. சூடு பட்ட எஃகு பதம் இழக்கும். அறுபட்ட ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இடம் மாறும்.

இரண்டாவது அபாயம் ரோட்டில். நம் சின்ன கார்களின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 16, 17 சென்டிமீட்டர்தான். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் அதில் சில சென்டிமீட்டர் போய்விடும். அதற்கு மேல் நாலு போனால்? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த மென்மையான மேட்டைத் தாழ்ந்த காரும் தாண்டிவிடும். ஊர் கூடி ஒரே இரவில் போட்ட மேட்டுக்கு எந்த விதியும் கிடையாது. கொச்சியில் இன்னொன்றும் உண்டு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி உப்புத்தண்ணீர் சந்துக்குள் ஏறும் வேலியேற்றம். தாழ்ந்த கார் அதில் கூடுதலாக நனையும். துரு சீக்கிரம் பிடிக்கும்.

காரைச் சேதப்படுத்திக்கொள்வது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். மற்றவர் விஷயம் அப்படியல்ல. ஸ்பிரிங் இறங்கும் தூரம் குறைந்தால், பள்ளத்தில் அது சீக்கிரமே அடித்தட்டு ரப்பரில் மோதும். டயர் ஒரு கணம் தரையை விட்டு எழும்பும். அந்தக் கணத்தில் பிரேக் மிதித்தால் பிடிக்க ரோடு இருக்காது. முன்னால் கடப்பவர் யாரோ, விலை கொடுப்பவர் அவர்.

சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் கீழ், தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், உயர் நீதிமன்றம் காட்டிய தாராளத்தை ரத்து செய்து 2019 ஜனவரி 9-ல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நடந்தால் காருக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கவும் வழி பிறக்கும்.

ஆனாலும் காருக்குள் நீச்சல் குளம் கட்டி 2024-ல் மாட்டிக்கொண்ட ஆலப்புழை யூடியூபர் மாதிரி, கண்ணைப் பறிக்கும் மாற்றங்கள்தான் அதிகாரிகள் பார்வையில் சட்டென்று படுகின்றன. சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஸ்பிரிங்கைத் தினமும் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அதனால் காவல் நம் புத்தியில்தான் இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கே தொடக்கூடாது என்பதல்ல. உடைந்தாலோ தளர்ந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போது கம்பெனி சொன்ன அளவிலேயே, ஒரு ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். கீழே உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டைச் சக்கரங்கள் தரையில் நின்ற பிறகே கடைசியாக இறுக்கச் சொல்லுங்கள். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை. உள்ளேயிருந்து அக்காதான் கேட்டாள்: "அடுத்த வாரம் பழனிக்கு இதிலேதானே போறோம்?"

அன்று சாயங்காலம் அவன் காரை இறக்கினான். ஜாக்கியிலிருந்து.